பெருக்கல் எங்கிருந்து வந்தது? கணிதப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மாறல் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். நேர் மாறல், எதிர் மாறல், கூட்டு மாறல் என்று இயற்கணிதத்தில் சில பக்கங்களில் முடிந்துவிடும் சின்னப் பாடம். செய்முறை மனப்பாடம் ஆகிவிட்டால் மதிப்பெண்ணும் வந்துவிடும். அதனாலேயே இதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அப்புறம் இயற்பியல் படிக்கப் போனாலும் பொறியியல் படிக்கப் போனாலும் மாணவர் முதலில் தொட வேண்டியிருப்பது இந்தப் பாடத்தைத்தான். இதில் முக்கியமான ஓர் இடத்தைக் காரணம் சொல்லாமலே தாண்டிப் போகிறோம். அந்த இடத்தைக் காட்டுவதற்காகவே இந்த மடல்.

இயற்கணிதம் சொல்லித் தருவது என் வேலை. நான் பார்த்த ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மாறிகளை க, ச, ப என்றும், மாறிலியை ம என்றும் எழுதிக்கொள்கிறேன்.

ப என்ற அளவு க-வுடனும் ச-வுடனும் கூட்டாக மாறுகிறது. க = 2, ச = 5 ஆக இருக்கும்போது ப = 30. க = 4, ச = 3 ஆனால் ப எவ்வளவு?

பாடநூல் வழி உங்களுக்குத் தெரியும். ப = ம × க × ச என்று எழுத வேண்டும். 30 = ம × 10, எனவே ம = 3. புதிய மதிப்புகளைப் போட்டால் 3 × 4 × 3 = 36. மூன்று வரியில் வேலை முடிந்தது.

ஒரு மாணவியின் நோட்டில் வேறு மாதிரி இருந்தது. ப = ம × (க + ச) என்று எழுதியிருந்தாள். முதலில் 2 + 5 = 7. பிறகு 4 + 3, அதுவும் 7. அடைப்புக்குள் எதுவும் மாறவில்லை, ஆகவே ப-வும் மாறாது, விடை 30 என்று முடித்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் யாரோ ‘பெருக்க வேண்டும்’ என்று திருத்தியிருந்தார்கள். அதைக் காட்டி அவள் என்னிடம் கேட்டாள்: “ரெண்டும் சேர்ந்துதானே மாத்துது? அப்ப ஏன் பெருக்கணும், கூட்டினா என்ன தப்பு?”

நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. ‘கூட்டாக மாறுகிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே பெருக்கல் குறி போட்டு ஒரு சமன்பாட்டை நீட்டினால், அந்தக் குறி எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் பார்த்த பயிற்சி நூல்கள் பலவற்றில் இந்தச் சமன்பாடு வரையறையாகவே கொடுக்கப்படுகிறது. வரையறை என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க இடமில்லை. ஆனால் இது வரையறை ஆக வேண்டிய விஷயமே அல்ல. நேர் மாறல் தெரிந்த எவரும் தாமே வந்து சேரக்கூடிய முடிவு.

கூட்டு மாறல் என்றால் என்னவென்று முழுதாகச் சொல்லிப் பார்ப்போம். ச-வை அசையாமல் பிடித்துக்கொண்டு க-வை மட்டும் மாற்றினால், ப க-வோடு நேர் மாறலில் போகும், அதாவது க எத்தனை மடங்கு ஆகிறதோ ப-வும் அத்தனை மடங்கு ஆகும். க-வை அசையாமல் பிடித்துக்கொண்டு ச-வை மட்டும் மாற்றினால், ப ச-வோடு நேர் மாறலில் போகும். நமக்குத் தரப்பட்டது இவ்வளவுதான். இதில் எங்கும் பெருக்கல் இல்லை.

இனி அதே கணக்கை இரண்டு அடியாக நடந்து பார்க்கலாம். தொடக்கத்தில் க = 2, ச = 5, ப = 30. முதல் அடியில் ச-வைத் தொடாமல் க-வை மட்டும் 2-லிருந்து 4-க்குக் கொண்டுபோகிறோம். க இரண்டு மடங்கு ஆகிறது, அதனால் ப-வும் இரண்டு மடங்கு ஆகி 60-இல் நிற்கிறது. இரண்டாம் அடியில் க 4-லேயே இருக்கட்டும். ச 5-லிருந்து 3-க்கு இறங்குகிறது, அதாவது ஐந்தில் மூன்று பங்காகிறது. ப-வும் ஐந்தில் மூன்று பங்காக வேண்டும். 60-இல் ஐந்தில் மூன்று பங்கு 36.

விடை வந்துவிட்டது. மாறிலியைத் தேடவே இல்லை. வரிசையை மாற்றி முதலில் ச-வை இறக்கிப் பிறகு க-வை ஏற்றினாலும் 30, 18, 36 என்று அதே இடத்துக்குத்தான் வருகிறோம். ஒரு மடங்கின் மேல் இன்னொரு மடங்கு ஏறுகிறது, மடங்கின் மேல் மடங்கு ஏறினால் அது பெருக்கல். எண்களை எடுத்துவிட்டு எழுத்தில் சொன்னால், ப எத்தனை மடங்கு ஆனது என்பது, க ஆன மடங்கையும் ச ஆன மடங்கையும் பெருக்கினால் வருவது. அப்படியானால் ப-வை க × ச-வால் வகுத்து வரும் எண், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அந்த மாறாத எண்ணுக்குத்தான் நாம் ம என்று பெயர் வைக்கிறோம். ப = ம × க × ச என்ற வரி இப்படித்தான் பிறக்கிறது.

அந்த மாணவியின் சமன்பாடு ஏன் ஒத்துவராது என்பதையும் இதை வைத்தே அவளிடம் காட்ட முடிந்தது. ச 5-லேயே இருக்கட்டும், க மட்டும் 2-லிருந்து 4 ஆகட்டும். அவள் அடைப்புக்குள் இருந்த 7 இப்போது 9 ஆகிறது. க இரண்டு மடங்கு ஆகியும் ப இரண்டு மடங்கு ஆகவில்லை. கணக்கில் தந்த நிபந்தனையே அவள் சமன்பாட்டைத் தள்ளிவிடுகிறது. சிவப்பு மை தேவைப்படவில்லை, அவளே அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

என் முதல் வேண்டுகோள் இதுதான். கூட்டு மாறல் பகுதியில் சமன்பாட்டை எழுதுவதற்கு முன் இந்த இரண்டு அடியைப் போடுங்கள். அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் இல்லாததால், ‘இதன் வர்க்கத்தோடு நேராகவும் அதனோடு எதிராகவும் மாறுகிறது’ என்று வரும் கலவைக் கணக்குகளில் மாணவர்கள் எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று தடுமாறுகிறார்கள். இரண்டு அடி நடக்கத் தெரிந்தவருக்கு மூன்றாவது அடியும் நான்காவது அடியும் அதே நடைதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், பாடநூலில் சேர்க்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இரண்டு முனையிலும் தாங்கி வைத்த மரச்சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும்? சட்டத்தின் அகலத்தோடு நேராகவும், உயரத்தின் வர்க்கத்தோடு நேராகவும், தாங்கும் இடைவெளியின் நீளத்தோடு எதிராகவும் அது மாறும். இப்போது 20 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு பலகையைத் தட்டையாகப் படுக்கவைக்கிறோம். அகலம் 20, உயரம் 5. 20 × 25 = 500. அதே பலகையை நிமிர்த்தி விளிம்பில் நிற்கவைத்தால் அகலம் 5, உயரம் 20. 5 × 400 = 2000. அதே மரம், அதே நீளம், அதே எடை. பாரம் தாங்கும் திறன் மட்டும் நான்கு மடங்கு. உத்தரங்களை ஏன் நிமிர்த்தியே வைக்கிறார்கள் என்பதற்கு இதுவே கணக்கு. கெட்டியான அழிப்பானையோ வளையும் அளவுகோலையோ தட்டையாகவும் விளிம்பிலும் பிடித்து அழுத்திப் பார்த்தால் மாணவர் கையிலேயே வித்தியாசம் தெரியும்.

மரத்தின் வகைக்கு ஏற்ற மாறிலி என்ன என்று இந்தக் கணக்கில் யாரும் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை. ஒப்பிடும்போது அது மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. சட்டத்தின் வலிமை அகலத்தோடும் உயரத்தின் வர்க்கத்தோடும் மாறும் என்பதை 1638-இல் வெளியான தம் நூலில் எழுதியவர் கலிலியோ. அந்த விகிதம் இன்றும் சரி. ஆனால் சட்டம் முறியும்போது அதன் உள்ளே விசைகள் எப்படிப் பரவுகின்றன என்பதை அவர் கருதிக்கொண்ட விதம் சரியில்லை, அதனால் அவர் கணக்கிலிருந்து வரும் மாறிலி, இன்றைய நெகிழ்ச்சிக் கோட்பாடு தருவதைப்போல் மூன்று மடங்கு. மாறிலி பிழையாக இருந்தும் விகிதம் பிழையாகவில்லை. பலகையை நிமிர்த்தினால் நான்கு மடங்கு என்பது அவர் கணக்கிலும் நான்கு மடங்குதான்.

நியூட்டனிடமும் இதையே பார்க்கலாம். 1687-இல் ஈர்ப்பு விதியை வெளியிட்டபோது அவர் சொன்னது விகிதம்தான். ஈர்ப்பு விசை இரு பொருள்களின் நிறைகளோடு கூட்டாகவும், இடைத் தொலைவின் வர்க்கத்தோடு எதிராகவும் மாறும். மாறிலியின் மதிப்பு அவரிடம் இல்லை. ஆனாலும் அவரால் விதியைச் சோதிக்க முடிந்தது. பூமியின் மையத்திலிருந்து நாம் நிற்கும் தரை ஓர் ஆரத் தொலைவில் இருக்கிறது, நிலவு ஏறத்தாழ 60 ஆரத் தொலைவில் இருக்கிறது. தொலைவு 60 மடங்கு என்றால் ஈர்ப்பு 3600-இல் ஒரு பங்கு. தரைக்கு அருகில் கைவிட்ட கல் முதல் நொடியில் சுமார் 4.9 மீட்டர் விழும். அதை 3600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிலவு நேர்கோட்டில் போகாமல் பூமியை நோக்கி ஒரு நொடியில் எவ்வளவு வளைகிறது என்று அதன் பாதையை வைத்துக் கணக்கிட்டாலும் அதே 1.36 மில்லிமீட்டர் வருகிறது. நிறைகளை அறியாமல், மாறிலியை அறியாமல், வெறும் மடங்கை வைத்துக்கொண்டு வானத்தையும் தரையையும் ஒரே விதியில் கட்டினார். ஈயக் கோளங்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பைக் கேவண்டிஷ் ஆய்வகத்தில் அளந்து முடிவை வெளியிட்டது 1798-இல், நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து. அவர் தேடியது பூமியின் அடர்த்தியை. ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு அந்த அளவீட்டிலிருந்து பின்னாளில் எடுக்கப்பட்டது.

ஆக, ‘எது எதனோடு எப்படி மாறுகிறது’ என்பது ஓர் அறிவு. ‘மாறிலி எவ்வளவு’ என்பது இன்னோர் அறிவு. நம் பாடநூல்கள் இரண்டாவதைத்தான் பாடத்தின் உயிராக வைத்திருக்கின்றன. முதல் படி மாறிலியைக் கண்டுபிடி, இரண்டாம் படி அதைப் போடு என்று. மாறிலி வழியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பல கணக்குகளில் அதுதான் சுருக்கமான வழி. ஆனால் மடங்கு வழியும் பாடநூலில் அதே மரியாதையோடு இருக்க வேண்டும், அந்த வழியில் விடை கண்ட மாணவருக்கு முழு மதிப்பெண்ணும் போக வேண்டும். ‘ம-வின் மதிப்பு காணல் 1 மதிப்பெண்’ என்று விடைக்குறிப்பில் இருந்தால், இரண்டு அடியில் சரியான விடைக்கு நடந்து போனவர் அந்த மதிப்பெண்ணை இழக்கிறார். இது அநியாயம்.

அடுத்து, நேர் மாறலின் விளக்கம். ‘ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடும், அதுவே நேர் மாறல். ஒன்று கூடினால் மற்றொன்று குறையும், அதுவே எதிர் மாறல்.’ சுலபமாகச் சொல்வதாக நினைத்து வகுப்பிலும் வழிகாட்டி நூல்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாசகம் இது. இது தவறு. பாதி உண்மைகூட இல்லை. க 1, 2, 3, 4 என்று போகும்போது ப 5, 7, 9, 11 என்று போகிறது என்று வையுங்கள். இரண்டும் கூடுகின்றன. ஆனால் க இரண்டு மடங்கு ஆனபோது ப 5-லிருந்து 7-தான் ஆனது. இது நேர்கோடு, நேர் மாறல் அல்ல, ஏனென்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. அதேபோல் க + ச = 10 என்றால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. அது எதிர் மாறலா? இல்லை. எதிர் மாறலில் மாறாமல் இருக்க வேண்டியது பெருக்கற்பலன், கூட்டுத்தொகை அல்ல. இன்னொரு பக்கம், ப = −3 × க என்பதை எடுத்தால் க கூடக் கூட ப குறைகிறது, ஆனாலும் அது நேர் மாறலே. கூடுதல், குறைதல் என்பதைச் சோதனையாக வைத்த மாணவர் இந்த மூன்று இடத்திலும் ஏமாறுவார். மடங்கைச் சோதனையாக வைத்தவர் ஓர் இடத்திலும் ஏமாற மாட்டார்.

வினாத்தாள் அமைப்பவர்களே, இனிச் சொல்வது உங்களுக்கு.

மாறல் கணக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ‘நேர் மாறலில் உள்ளது’, ‘எதிர் மாறலில் உள்ளது’ என்ற சொற்களோடுதான் தொடங்குகின்றன. யோசிக்க வேண்டிய பகுதியைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. மிச்சம் இருப்பது பெருக்கல் வகுத்தல் மட்டும். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு ஓர் அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். க 2, 3, 5 ஆக இருக்கும்போது ப 12, 27, 75. இது எந்த வகை மாறல்? மாணவர் முதலில் ப-வை க-வால் வகுத்துப் பார்ப்பார்: 6, 9, 15. ஒன்றாக இல்லை. நேர் மாறல் அல்ல என்று தெரிகிறது. அப்புறம் க-வின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்பார்: 12-ஐ 4-ஆல், 27-ஐ 9-ஆல், 75-ஐ 25-ஆல். எல்லாம் 3. வர்க்கத்தோடு மாறுகிறது, மாறிலி 3. கைவசம் சில அளவீடுகள் மட்டும் இருக்கும் ஆய்வாளர் செய்வதும் இதேதான். ஹூக் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்தபோதும், பாயில் காற்றை அழுத்திப் பருமனை அளந்தபோதும் யாரும் அவர்களிடம் ‘இது நேர் மாறல்’, ‘இது எதிர் மாறல்’ என்று முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாறல் பாடத்தின் பயிற்சியில் மாறலே அல்லாத கணக்குகளும் நடுநடுவே வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பாருங்கள்: ஒரே அளவான இரண்டு தொட்டிகளில் ஒரே வேகத்தில் நீர் விழுகிறது. முதல் தொட்டியின் குழாயை முன்பே திறந்துவிட்டார்கள். முதல் தொட்டியில் 40 லிட்டர் இருக்கும்போது இரண்டாவதில் 10 லிட்டர். இரண்டாவதில் 30 லிட்டர் ஆகும்போது முதலாவதில் எவ்வளவு? மாறல் பாடம் முடிந்த கையோடு இதைக் கேட்டால், 10 என்பது 30 ஆனது, மூன்று மடங்கு, ஆகவே 40-ம் மூன்று மடங்காகி 120 என்று வேகமாக எழுதுவார்கள். சரியான விடை 60. இரண்டிலும் ஒரே வேகம் என்றால் வித்தியாசம் மாறாது, எப்போதும் 30 லிட்டர்தான். பாடத்தில் உள்ள எல்லாக் கணக்கும் ஒரே அச்சில் இருந்தால், மாணவர் கணக்கைப் படிக்காமல் பாடத்தின் தலைப்பைப் படித்துவிட்டு விடை எழுதப் பழகுகிறார். அது அவர் குற்றமல்ல. அப்படித்தான் நாம் பழக்கியிருக்கிறோம்.

ஆட்கள், நாட்கள், மணிகள் என்று வரும் வேலைக் கணக்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிகப் பழைய கணக்குகள் இவை. மூன்று எண் தந்து நான்காவதைக் கேட்கும் திரைராசிகத்தை ஆரியபட்டர் 499-இல் விதியாகச் சொன்னார். 1150-இல் பாஸ்கரர் ஐந்து, ஏழு, ஒன்பது எண்கள் வரும் கணக்குகளுக்கும் முறை தந்தார். அன்று குறியீட்டுச் சமன்பாடு இன்றைய வடிவில் இல்லை, அதனால் எண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி இடம் மாற்றிப் பெருக்கும் வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று இயற்கணிதம் படிக்கும் மாணவருக்கு அந்த இடமாற்றம் தேவையில்லை. ஆனாலும் ‘ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும், ஆகவே தலைகீழாக எழுது. வேலை கூடினால் நாட்கள் கூடும், ஆகவே நேராக எழுது’ என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குறி போடவைக்கிறோம்.

15 பேர் நாளுக்கு 6 மணி நேரம் வேலை செய்து 8 நாளில் 120 மீட்டர் சுவர் கட்டுகிறார்கள். 20 பேர் நாளுக்கு 9 மணி நேரம் வேலை செய்தால் 300 மீட்டர் சுவர் கட்ட எத்தனை நாள்? இதை ஒரே வரியில் சொல்லலாம். கட்டி முடியும் சுவர், ஆட்களோடும் நாட்களோடும் மணிகளோடும் கூட்டாக மாறுகிறது. எதிர் மாறல் எங்குமே இல்லை. 15 × 8 × 6 = 720. இது 720 ஆள்-மணி உழைப்பு. அதில் 120 மீட்டர் எழுந்தது என்றால் ஓர் ஆள்-மணிக்கு ஆறில் ஒரு மீட்டர். அதுதான் மாறிலி. 300 மீட்டருக்கு 1800 ஆள்-மணி வேண்டும். 20 பேர் 9 மணி நேரம் என்றால் நாளுக்கு 180 ஆள்-மணி. எனவே 10 நாள்.

மாறிலி இங்கே வெறும் எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எழுப்பும் சுவர் அது. அதற்கு ஓர் அலகு இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது. பாடநூலில் ம = 3, ம = 12 என்று அலகில்லாமல் அது வந்து போகும்போது, ஏதோ இடைப்படியில் வரும் தேவையற்ற எண் என்றே மாணவர் நினைக்கிறார். சுருள்வில்லில் 10 நியூட்டன் விசைக்கு 4 செ.மீ. நீட்சி என்றால் மாறிலி 2.5 நியூட்டன், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும். வில்லின் விறைப்பு அது. வேறு வில், வேறு எண். ‘இந்த மாறிலி எதைச் சொல்கிறது? அதன் அலகு என்ன?’ என்று ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு வரி கேளுங்கள். அலகை எழுதப் பழகியவர் மேலே போட வேண்டியதைக் கீழே போட்டால் அலகே அவரை நிறுத்திவிடும்.

அதே வில்லில் 15 நியூட்டன் தொங்கவிட்டால் 6 செ.மீ. நீளும். சரி. 500 நியூட்டன்? சமன்பாடு 200 செ.மீ. என்று தயங்காமல் சொல்லும். வில்லோ அதற்கு வெகு முன்பே நிரந்தரமாக உருக்குலைந்து போயிருக்கும். நெகிழ்ச்சி எல்லைக்குள் மட்டுமே அந்த விதி நடக்கும். சுவர்க் கணக்கிலும் அப்படியே. 1800 பேரை ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் சுவர் எழுந்துவிடாது, நிற்கவே இடம் இருக்காது. இப்படிப்பட்ட கேள்வி ஒன்றையாவது ஒவ்வொரு பயிற்சியிலும் வைத்து, ‘இந்த விடையை நம்பலாமா, ஏன்?’ என்று கேட்டால் மாணவர் எண்ணிலிருந்து தலை தூக்கிப் பொருளைப் பார்ப்பார்.

வெப்பநிலைக் கணக்குகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமன் வெப்பநிலையோடு நேர் மாறலில் உள்ளது என்று படித்த மாணவர், 20 டிகிரி செல்சியஸ் 40 ஆனால் பருமன் இரண்டு மடங்கு என்று எழுதுகிறார். நேர் மாறலில் ஒன்று பூச்சியம் ஆகும்போது மற்றதும் பூச்சியம் ஆக வேண்டும். செல்சியஸின் பூச்சியம் நீர் உறையும் இடம், அங்கே வாயு மறைந்து போவதில்லை. கெல்வினில் 293-லிருந்து 313. பருமன் கூடுவது 7 விழுக்காட்டுக்குள்தான். பூச்சியம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கத்தைக் கணித வகுப்பே தர முடியும். வேதியியல் வகுப்புக்கு விட்டுவைத்தால் அது காரணம் தெரியாத இன்னொரு விதியாக, ‘273-ஐக் கூட்டு’ என்று போய்ச் சேரும்.

பக்கங்கள் கூடிவிடும் என்று நீங்கள் தயங்கலாம். ஒரே அச்சில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளில் பாதியை எடுத்துவிட்டாலே இதற்கெல்லாம் இடம் கிடைத்துவிடும். ம-வைக் கண்டு அதையே திரும்பப் போடும் கணக்கை எண் மாற்றி மாற்றிப் பத்து முறை செய்வதில் மூன்றாவது முறைக்கு மேல் யாரும் புதிதாக எதையும் கற்பதில்லை.

எப்படிக் கேட்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி வினாவையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். உருளைக் குழாய் வழியாகப் பாகுநிலைத் திரவம் சீராக ஓடும்போது, ஒரு நொடியில் வெளிவரும் அளவு ஆரத்தின் நான்காம் படியோடு மாறும். முனைகளுக்கு இடையே உள்ள அழுத்த வேறுபாட்டோடும் நேராக மாறும், குழாயின் நீளத்தோடு எதிராக மாறும். குழாயின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, நீளம் அப்படியே இருக்கிறது. (அ) அழுத்த வேறுபாடு மாறாவிட்டால் ஓட்டம் எத்தனை பங்காகும்? (ஆ) ஓட்டம் பழைய அளவுக்கே வர வேண்டுமானால் அழுத்த வேறுபாடு எத்தனை மடங்கு ஆக வேண்டும்? (இ) இந்தக் கணக்குக்கு மாறிலி ஏன் தேவைப்படவில்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுதுக.

முதல் விடை 0.9-இன் நான்காம் படி, 0.6561. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விடுகிறது. இரண்டாவது அதன் தலைகீழி, சுமார் 1.52 மடங்கு. இரண்டுக்கும் சேர்த்து மூன்று மதிப்பெண் கொடுங்கள். மூன்றாம் பகுதிக்கு மட்டும் தனியாக இரண்டு மதிப்பெண் கொடுங்கள், மாணவர் அதைத் தம் சொந்தச் சொல்லில் எழுதினால் போதும், பாடநூல் வாசகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த திருத்தப் பதிப்பு தயாராகும்போது இந்த மடலும் உங்கள் மேசையில் இருக்கும் என்ற நம்பிக்கையுடன்,

இயற்கணிதம் கற்பிக்கும் ஒருவர்